பவுலுஸ், சின்னப்பன், மாரப்பன்: மூன்று பேரா, ஒரே ஆளா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் விஷயம். அவருடைய அப்பாவின் தாத்தா பெயர் சின்னப்பன். தாது வருஷத்தில் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1878 சனவரியில் அவருக்குச் 'சுமார் 25 வயது' என்று இருக்கிறது. 1884 கல்யாணத்துக்குக் கோயிலில் தட்டச்சு செய்து கொடுத்த நகலில் வயது 22. 1931 அடக்கப் பதிவேட்டில் வயது 80. இதற்கு நடுவே வீட்டு இரும்புப் பெட்டியில் 1902-ம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதே பூமி, அதே கிணறு, ஆனால் வாங்கியவர் பெயர் 'கருப்பணன் குமாரன் மாரப்பன்'. "இதில் எதை நம்புவது? 1881, 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் எங்கே கிடைக்கும்? அதைப் பார்த்துவிட்டால் தீர்ந்துவிடும் இல்லையா?" என்று முடித்திருக்கிறார். ஐந்து போட்டோவும் அனுப்பியிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. அந்தத் தாள் கிடைக்காது, தேடி அலைய வேண்டாம். இங்கிலாந்துக்காரர்கள் பூட்டன் பாட்டனைத் தேடிய கதைகளைப் படித்துவிட்டு நம் ஆட்கள் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். அங்கே வீடு வீடாக எழுதிய தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து, நூறு வருடம் ஆனதும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1921-ல் எடுத்தது 2022-ல் வெளியே வந்தது. நம் பக்கமும் கணக்கு எடுத்தார்கள்தான். 1871-ல் முதல் சுற்று, அப்புறம் 1881-லிருந்து நாடு முழுக்க ஒரே சமயத்தில். ஆள், வயது, மதம், ஜாதி, தொழில் எல்லாம் எழுதினார்கள். ஆனால் தாளிலிருந்து எண்ணிக்கையை உருவிக்கொண்டு தாளை அழித்துவிட்டார்கள். பல்லடம் தாலுகாவில் எத்தனை தலை என்பதுதான் சர்க்காருக்கு வேண்டியிருந்தது. அதில் மாரப்பன் யார் என்று அவர்களுக்கு என்ன கவலை? சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ம் வருடச் சட்டமும், கணக்கெடுப்புத் தாளை வெளியார் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்ட முடியாது என்றுதான் சொல்கிறது.

கணக்கெடுப்பு அறிக்கைகளால் பிரயோஜனம் இல்லாமலும் இல்லை. உங்கள் பூட்டன் வாழ்ந்த காலத்தை அவை காட்டும். சேலம் மாவட்டத்தில் 1871-ல் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இருந்தார்கள். 1881-ல் அது 16 லட்சம். கூட வேண்டிய இடத்தில் நான்கு லட்சம் குறைந்திருக்கிறது. நடுவில் வந்தது 1876-78 பஞ்சம், நம் ஊர்க்காரர்கள் வாயில் 'தாது வருஷத்துப் பஞ்சம்'. கோயமுத்தூர் மாவட்டத்திலும் தலைக்கணக்கு இறங்கியது. செத்தவர்கள் போக, கண்டிச் சீமைக்கும் வேறு ஊர்களுக்கும் போனவர்கள் ஏராளம். அந்த இரண்டு மூன்று வருடத்தில் ஒரு குடும்பத்தின் ஊர், பெயர், மதம் மூன்றும் மாறியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொன்றையும் அந்த அறிக்கைகளின் வயது அட்டவணையில் பார்க்கலாம். 30 வயது, 40 வயது, 50 வயதில் கூட்டம் அலைமோதும். 29-லும் 31-லும், 39-லும் 41-லும் ஆளே இருக்காது. வயது கேட்டால் நம் சனம் 'ஒரு முப்பது இருக்கும்' என்றுதான் சொன்னது. கேட்டவர் அதை எழுதிக்கொண்டார். கோயிலில் சாமியார், அதாவது பாதிரியார், கேட்டாலும் அதே பதில்தான். ஆகவே வட்டமாக இருக்கும் வயதை, 25, 30, 80, பத்து வருடம் முன்னே பின்னே வைத்துப் பாருங்கள். வட்டமில்லாமல் 22 என்று வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சரி, கணக்கெடுப்புத் தாள் இல்லை. ஆனால் உங்களுக்கு வேறொரு கணக்கெடுப்பு இருக்க வாய்ப்பு உண்டு, அதைக் கேட்கலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1614-ல் வந்த ரோமைச் சடங்கு நூல் ஒவ்வொரு பங்கும் (ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்ட சபை) ஐந்து புத்தகம் வைத்திருக்கச் சொல்கிறது. ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், மெய்விவாகம், மரணம் என்று நான்கு. ஐந்தாவது ஆன்மாக்களின் நிலைப் புத்தகம். லத்தீனில் 'ஸ்தாத்துஸ் அனிமாரும்' என்பார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம்: குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், கூட இருக்கும் கிழவி, யார் பூசை காண்கிறார், யார் வருவதில்லை எல்லாம் அதில் இருக்கும். சில இடத்தில் 'குடும்பப் பதிவேடு' என்று பெயர். நீங்கள் போய் 'ஞானஸ்நான ரிஜிஸ்டர்' என்று கேட்டால் அதை மட்டும்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 'பழைய குடும்பப் பதிவேடு ஏதாவது இருக்கிறதா சாமி' என்று தனியாகக் கேளுங்கள். எல்லாப் பங்கிலும் தப்பிப் பிழைத்திருக்காது. ஆனால் இருக்கும் இடத்தில் அது தங்கம்.

இப்போது உங்கள் போட்டோக்களுக்கு வருவோம்.

முதலாவது, 1878. சாமியார் எழுதியிருப்பது லத்தீன். பெயர் இருக்கும் இடத்தில் 'பவுலுஸ்'. உங்களுக்கு இது சின்னப்பன்தான் என்று எப்படித் தெரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை, பங்குத்தந்தை சொல்லியிருப்பார். அவர் சொன்னது சரி. பவுலுஸ் என்றால் லத்தீனில் 'சிறியவர்'. அதனால்தான் பழைய கத்தோலிக்கத் தமிழில் அந்த அப்போஸ்தலர் சின்னப்பர் ஆனார். இதே மாதிரி பேத்ருஸ் என்றால் இராயப்பன், யோவான்னெஸ் என்றால் அருளப்பன், யோசேபுஸ் என்றால் சூசை, அலோயிசியுஸ் என்றால் ஞானப்பிரகாசம், லாசருஸ் என்றால் தேவசகாயம். ஊரில் அருளப்பன் என்று கூப்பிட்ட ஆளை ஏட்டில் 'அ' வரிசையில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்க மாட்டார். குடும்பம் பின்னால் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைக்குப் போயிருந்தால் இன்னொரு திருப்பம்: அதே அருளப்பன் அங்கே யோவான், இராயப்பன் அங்கே பேதுரு. லண்டன் மிஷன் 1827-ல் சேலத்துக்கும் 1830-ல் கோயமுத்தூருக்கும் வந்துவிட்டது. ஆகவே இந்தப் பெயர் மாற்றத்தைக் கொங்கில் எங்கேயும் எதிர்பார்க்கலாம்.

எழுத்துக்கூட்டலும் தகராறுதான். கோயமுத்தூர்ப் பக்கம் வேலை செய்தவர்கள் பாரிஸ் மிஷன் பிரெஞ்சுச் சாமியார்கள். 1850-ல் கோயமுத்தூர் தனி மறைவட்டமானபோது அதன் முதல் தலைவர் மரியோன் பிரெசில்லாக் ஆயரும் பிரெஞ்சுக்காரரே. அவர்கள் நம் 'உ' ஓசைக்கு ஆங்கில எழுத்தில் ஓ, யூ இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். ஆங்கிலேய மிஷனரி அதற்கே இரண்டு ஓ போடுவார். முத்து என்ற பெயர் இரண்டு சபை ஏட்டிலும் இரண்டு விதமாக நிற்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் ஒன்று என்று தெரியும்.

அந்த வரியில் 'அதுல்துஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது, பெரியவராக ஞானஸ்நானம் பெற்றவர் என்று அர்த்தம். பக்கத்தில் 'சிர்சித்தேர் 25', சுமார் 25. பஞ்சம் முடிகிற தறுவாயில் குடும்பத்திலிருந்து முதல் ஆளாக வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) வந்திருக்கிறார். தாது வருஷத்தில் பிறந்தவர் என்ற வீட்டுக் கதை இங்கேதான் அவிழ்கிறது. தாது என்பது 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனி வரை. 1878 சனவரி, கணக்குப்படி ஈஸ்வர வருஷம் தை மாதம். ஆனால் அந்தப் பஞ்சம் முழுவதையும் சனங்கள் தாது என்றே சொன்னார்கள். 'தாது வருஷத்துல வேதத்துக்கு வந்தவரு' என்று ஒரு கிழவி சொல்லியிருப்பார். இரண்டு தலைமுறை போனதும் அது 'தாது வருஷத்துல வந்தவரு' ஆகி, அப்புறம் 'பிறந்தவரு' ஆகியிருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் 1876-ல் பிறந்த குழந்தை 1878-ல் அதுல்துஸ் ஆக முடியாது. அதுவரைக்கும் நிச்சயம்.

வருஷப் பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. பழைய சாதக ஓலையில் 'பிரபவ' என்று இருந்தால் அது 1867-ஆ 1927-ஆ என்று மற்ற விவரங்களை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு சுற்றுத் தவறினால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். நம் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரையே வைப்பதால் இந்தத் தவறு கண்ணிலும் படாது.

இரண்டாவது போட்டோ, 1884 கல்யாணம். நீங்கள் தட்டச்சு நகலை மட்டும் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். நல்ல வேளை, மூலப் பக்கத்தையும் போட்டோ எடுத்திருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள். வரி இப்படித் தொடங்குகிறது: 'தியே 22 யனுவாரி'. தியே என்றால் நாள். சனவரி 22-ம் நாள், அவ்வளவுதான். அந்தப் பதிவு முழுக்க வயதே இல்லை. நகல் எடுத்துக் கொடுத்தவர் அச்சடித்த படிவத்தில் 'வயது' என்ற கட்டத்தைக் காலியாக விட மனசில்லாமல் கண்ணில் பட்ட எண்ணைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன, லத்தீன் தெரிந்தவர்கள் இன்றைக்குக் கோயில் அலுவலகத்தில் எத்தனை பேர்? வட்டமில்லாத 22-ஐப் பார்த்தால் சந்தேகப்படச் சொன்னது இதற்குத்தான். நகல் என்பது இன்னொருவர் படித்த விதம். முடிந்தவரை மூலப் பக்கத்தைப் பாருங்கள்.

22-ஐ எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? 1878-ல் சுமார் 25 என்றால் பிறப்பு 1853 வாக்கில். 1931-ல் 80 என்றால் 1851 வாக்கில். இரண்டு வருட வித்தியாசம். அந்தக் காலத்துக்கு இது முரண்பாடே இல்லை.

அதே பதிவில் இன்னும் மூன்று சொல் இருக்கிறது, மூன்றும் உங்களுக்கு வேண்டியவை. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் 'விதுவுஸ்'. மனைவியை இழந்தவர். அப்படியென்றால் இது இரண்டாம் கல்யாணம். நீங்கள் 'இது வேறு குடும்பம் போல' என்று ஒதுக்கி வைத்த நான்காவது போட்டோவை இப்போது எடுங்கள். 1880-ல் ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம்: தகப்பன் பவுலுஸ், தாய் மரியா. உங்கள் பூட்டி பெயர் அன்னம்மாள் என்பதால் ஒதுக்கிவிட்டீர்கள். அது பெரும்பாலும் முதல் மனைவி. 1880-க்கும் 1884-க்கும் நடுவில் அடக்கப் பதிவேட்டில் ஒரு மரியாவைத் தேடுங்கள், பவுலுஸ் மனைவி என்று இருக்க வேண்டும்.

அடுத்தது ஓரத்தில் சின்ன எழுத்தில், மை மங்கி, பூச்சி அரித்து நிற்கிறது. நான் படித்த வரைக்கும் 'அஃபினித்தாத்திஸ்', பக்கத்தில் ஒன்றாம் நிலை. சம்பந்த வழி உறவுத் தடைக்கு ஆயர் கொடுத்த விலக்கு. பழைய திருச்சபைச் சட்டத்தில் செத்துப்போன மனைவியின் உடன்பிறந்தவளைக் கட்டினால் இந்த நிலைதான் வரும். நம் வழக்கில் சொன்னால், கொழுந்தியாளைக் கட்டியிருக்கிறார். கைக்குழந்தையை வளர்க்க வேறு யார் வருவார்கள்? ஆகவே மரியாவும் அன்னம்மாளும் அக்கா தங்கை. ஒரே வரியில் உங்கள் பூட்டியின் பிறந்த வீடு, முதல் தாரம், 1880 குழந்தை எல்லாம் ஒரு கயிற்றில் வந்துவிட்டன. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டியிருந்தால் 'கொன்சாங்குனித்தாத்திஸ்' (இரத்த உறவு), இரண்டாம் நிலை என்று இருக்கும். முறைப்பெண் கல்யாணம் நிறைந்த நாட்டில் இந்த ஓரக்குறிப்புகள்தான் கொடிவழி. பெயரும் வயதும் பொய் சொல்லலாம். ஆனால் விலக்கு இல்லாமல் அந்தக் கல்யாணம் செல்லாது என்பதால் இதைச் சாமியார் கவனமாக எழுதினார்.

மூன்றாவது சொல், மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்குப் பின்னால். கருப்பணன், 'எத்னிக்குஸ்'. ஞானஸ்நானம் பெறாதவர் என்று பொருள். இதோ உங்கள் பத்திரத்துக் கருப்பணன்.

1902 பத்திரத்துக்கு வருகிறேன். 'சுபகிருது வருஷம் ஆவணி மாதம்' என்று ஆரம்பிக்கிறது, 1902-க்குப் பொருந்துகிறது. கருப்பணன் குமாரன் மாரப்பன். இதில் உங்களுக்கு என்ன குழப்பம் என்றால், கோயிலில் சின்னப்பன் ஆனவர் இருபத்துநான்கு வருடம் கழித்தும் ஏன் மாரப்பனாகவே கையெழுத்துப் போட்டார் என்பது. அந்தக் காலத்து வேதக்காரர்கள் நிறையப் பேருக்கு இரண்டு பெயர். கோயிலுக்கு ஒன்று, வயல்காட்டுக்கு ஒன்று. பூர்வீகப் பட்டா பழைய பெயரில் இருக்கும், பங்காளிகள் பழைய பெயரில்தான் கூப்பிடுவார்கள், வரி ரசீது அந்தப் பெயரில்தான் வரும். மதம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வழக்கு என்று வந்தால் பேரில் வம்பு வேண்டாம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். தவறில்லை.

ஆனால் அவசரப்பட வேண்டாம். கருப்பணனுக்கு இரண்டு மகன்கள் இருந்து, ஒருவன் சின்னப்பனாகி, இன்னொருவன் மாரப்பனாகவே இருந்திருக்கலாம் இல்லையா? வாங்கியவர் தம்பியாக இருந்து, வாரிசு இல்லாமல் பூமி அண்ணன் பிள்ளைகளுக்கு வந்திருந்தால்? இதை உடைக்க ஒரு வழி பத்திரத்திலேயே இருக்கிறது. செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தைப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் கடைசி நாலு வரி வெட்டுப்பட்டிருக்கிறது. நம் ஆட்கள் பத்திரம் என்றால் முதல் பக்கத்தையும் ரேகையையும் பார்ப்பார்கள், எல்லை வரியை விட்டுவிடுவார்கள். 'இன்னார் பூமிக்கு வடக்கு, இட்டேரிக்கு மேற்கு, என் தம்பி இன்னான் பாகத்துக்குக் கிழக்கு' என்று அங்கேதான் பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள். மாரப்பனுக்குச் சின்னப்பன் என்று ஒரு அண்ணன் இருந்து, பக்கத்துக் காடு அவருடையதாக இருந்தால், அங்கே பெயர் வந்துவிடும். வரவில்லையென்றால் ஒரே ஆள் என்பதற்குப் பலம் கூடும்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தகப்பன் இராயப்பன். பக்கத்துப் பங்கில் அதே பெயர், அதே தகப்பன் பெயர், வயதும் ஒத்துப்போனது. மூன்று வருடம் அந்த ஆளுடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் ஒரு நாள் சும்மா அடக்கப் பதிவேட்டைப் புரட்டும்போது, நான் துரத்திய இராயப்பன் பன்னிரண்டு வயதிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தான். பிறப்புப் பதிவு கிடைத்த சந்தோஷத்தில் சாவுப் பதிவைப் பார்க்காமல் விட்டேன். பிள்ளைகள் பாதிக்குப் பாதி தங்காத காலம் அது. சரியான ஆளைக் கண்டுபிடித்தது பெயரை வைத்தல்ல. என் அம்மிச்சியின் ஞானத்தாய் பெயரை இன்னொரு பங்கில் ஒரு கல்யாணப் பதிவில் பார்த்து, அந்த நூலைப் பிடித்துத்தான். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சொந்தம். அதே நாலைந்து பேர் ஒரு குடும்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சில சமயம் உபதேசியாரே (ஊரில் வேதம் சொல்லிக்கொடுப்பவர்) எல்லாப் பிள்ளைக்கும் ஞானத்தகப்பனாக நிற்பார். அப்படி இருந்தால் அது உதவாது.

உங்கள் வீட்டுக் கதை ஒன்றில் இன்னொரு கண்ணி. 'சின்னப்பன் வெட்டின கிணறு' என்று சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெயர்ச் சின்னப்பனா, முறைச் சின்னப்பனா? அப்பாவின் தம்பியையும் சின்னப்பன் என்றுதானே சொல்வோம்? உங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) 'எங்க சின்னப்பன் வெட்டினது' என்று சொல்லியிருந்தால் அது அவருடைய சித்தப்பாவாகவும் இருக்கலாம். அப்படியென்றால் மேலே சொன்ன தம்பிக் கதை பலமாகிவிடும். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவர் வாயால் அந்த வாக்கியத்தை ஒரு தடவை முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எங்கே தேடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லைகள் மாறிக்கொண்டே இருந்ததால் இதில் பலர் வழி தவறுகிறார்கள். அன்றைக்குத் திருப்பூர் பல்லடம் தாலுகாவில். ஈரோடு 1979 வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டம். கரூர் 1910 வரைக்கும் கோயமுத்தூர், அப்புறம் திருச்சி. கொள்ளேகாலம் 1956 வரைக்கும் நம்முடையது. மறைமாவட்ட எல்லை இதோடு ஒத்துப்போகாது. சேலம் மறைமாவட்டம் 1930-ல்தான் வந்தது, அதற்கு முன் அந்தப் பங்குகள் கும்பகோணம் உள்ளிட்ட வேறு மறைமாவட்டங்களின் கீழ். உதகை மறைமாவட்டம் 1955-ல் வந்தது, சத்தியமங்கலம் பக்கத்துப் பங்குகள் இன்றைக்கு அதில் இருக்கின்றன. பங்கு ஏடு கரையான் தின்றுவிட்டது என்று கைவிரித்தால், 1918-க்குப் பிறகுள்ள பதிவுகளுக்கு ஆயர் இல்லத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த வருடம் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம் வருடா வருடம் பங்கு ஏடுகளின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னது. ஆன்மாக்களின் நிலைப் புத்தகத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது, அதனால் அது பங்கில் இல்லையென்றால் வேறெங்கும் இருக்காது. உங்கள் அப்பாரு 1887-ல் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அவர் பதிவின் ஓரத்தையும் பாருங்கள். 1908-லிருந்து, யாராவது கல்யாணம் செய்தால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று விதி. எந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் என்பது அதில் கிடைத்துவிடும்.

ஊரே தண்ணீருக்குள் போனவர்கள் கதை வேறு. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தபோது பழைய ஊர்கள் மூழ்கின. தண்ணீர் நன்றாக இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரம் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். பவானிசாகரும் அப்படித்தான், 1955-ல் முடிந்தது. அந்த ஊர்க் குடும்பங்கள் எங்கே குடியேறினார்கள் என்று பார்த்து, அங்கே உள்ள பங்கில் கேட்க வேண்டும்.

சர்க்கார் பக்கத்தில், பிறப்பு இறப்புப் பதிவை ரொம்ப நம்பிவிடாதீர்கள். 1899-ம் வருடச் சட்டத்துக்குப் பிறகு கிராம முன்சீப் எழுதிய ஏடுகளில் பெயர் இடத்தில் வெறும் 'ஆண் குழந்தை' என்றுதான் பாதிக்கு மேல் இருக்கும். பேர் வைக்கும் முன்பே எழுதியாகிவிட்டது. தகப்பன் பெயர், ஊர், தேதி மட்டும் உதவும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவின் பிறந்த தேதியோ, கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொட வைத்து வாத்தியார் போட்டது. கிரயப் பத்திரம் அப்படியில்லை. காசு கொடுத்தவன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு எழுத வைத்திருப்பான். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் வரும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, பெயர் அட்டவணையில் கையால் தேட வேண்டும். 'சின்னப்பன்', 'மாரப்பன்' இரண்டு பெயரிலும் மனுப் போடுங்கள். 'மாரப்பன் என்கிற சின்னப்பன்' என்று ஒரே ஒரு பத்திரம் எங்காவது கிடைத்தால் உங்கள் வேலை முடிந்தது. கடன் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரங்களில் இந்த 'என்கிற' அடிக்கடி வரும்.

கருப்பணனுக்கு மேலே போக வேண்டுமென்றால் கோயில் ஏடு உதவாது, அவர்தான் ஞானஸ்நானம் பெறவில்லையே. அங்கிருந்து பழைய நில செட்டில்மெண்ட் பதிவேடும், ஊர்ச் சாமி கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டும்தான். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு என்பதால், எந்த வருடத்து நோட்டில் பெயர் புதிதாக ஏறுகிறதோ அதற்குச் சற்று முன் கல்யாணம். பட்டாவை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். செத்து முப்பது வருடம் ஆன பாட்டன் பேரிலேயே பட்டா ஓடுவது நம் ஊரில் சாதாரணம், அதை வைத்து ஆள் உயிரோடு இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. மதம் மாறாத பங்காளி வீடு இன்றைக்கும் அந்த ஊரில் இருந்தால் போய்ப் பேசுங்கள். வேதக்காரங்க வந்திருக்காங்க என்று முதலில் கொஞ்சம் தயங்குவார்கள். காப்பி குடித்து முடிப்பதற்குள் பழைய மொய் நோட்டு வெளியே வந்துவிடும். உங்கள் அப்பாரு கல்யாணத்துக்கு அவர்கள் மொய் வைத்ததோ, அவர்கள் வீட்டுக்கு இவர் வைத்ததோ அதில் இருந்தால், எந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போதைக்கு இரண்டு வேலை. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை வெயிலில் வைத்து, மடிப்பை நீவிவிட்டு, செக்குபந்தி முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். 1880 முதல் 1884 வரைக்குமான அடக்கப் பதிவேட்டில் மரியாவைத் தேடும்போது, அதே பக்கங்களில் கைக்குழந்தை அடக்கம் எதுவும் பவுலுஸ் பெயரில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரசவத்தில் போயிருந்தால் தாயும் பிள்ளையும் அடுத்தடுத்த வரியில் இருப்பார்கள்.